சக்கர ஸ்டூல் வாங்கும் முன் வீட்டுத் தரையைப் பாருங்கள்

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளம்தான். ஆனால் இதையே வேறு வேறு வார்த்தையில் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், அதனால் முழுவதும் படித்துவிடுகிறேன். திருப்பூரிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்: "வணக்கம் சார். எனக்கு 47 வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுப் போர்டிகோவில் வைத்து என் ஸ்விஃப்டை நானே கழுவுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாலிஷும் போடுகிறேன். மேல் பாதி முடியும் வரை ஒன்றும் தெரிவதில்லை. சக்கரத்துக்கும் கதவின் அடிப்பகுதிக்கும் வரும்போது குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுநாள் மாடிப்படி ஏற முடிவதில்லை. உங்கள் வீடியோவில் நீங்கள் சக்கரம் வைத்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நகர்ந்துகொண்டே வேலை செய்கிறீர்கள். அது தேவையா, ஆடம்பரமா? வாங்கினால் எதை வாங்குவது? வண்டியில் இடித்துக் கீறல் விழாதா?"

மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். கடைசிக் கேள்விக்கு நான் சொந்த அனுபவத்தில் பதில் சொல்ல முடியும், அது எனக்குப் பெருமையான அனுபவம் இல்லை. அதற்கு வருகிறேன்.

முதலில் தேவையா ஆடம்பரமா என்பது. அந்த ஸ்டூலைப் பார்த்ததும் எல்லோரும் ஓய்வுக்கான பொருள் என்று நினைத்துவிடுகிறார்கள். என் வீட்டிலேயே, "உட்கார்ந்துகொண்டு கார் கழுவுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று சிரித்தார்கள். ஆனால் தெருவில் நிற்கும் எந்த வண்டியை வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பானட் கண்ணாடி மாதிரி இருக்கும். கதவின் கைப்பிடிக்குக் கீழே விரலை வைத்துத் தடவினால் சொரசொரவென்று இருக்கும். தார்ப் புள்ளி, பிரேக் தூள், மழைக்காலத்துச் சேறு எல்லாம் அங்கேதான் ஒட்டியிருக்கும். வண்டியில் அதிகம் அழுக்காகும் இடம் அடிப்பகுதி, குறைவாகக் கை படும் இடமும் அதுதான். காரணம் சோம்பேறித்தனம் இல்லை. குனிந்தால் இடுப்பு வலிக்கிறது, குந்தினால் முட்டி வலிக்கிறது, அதனால் கை தானாகவே அவசரப்படுகிறது. உங்கள் முட்டி வலி உங்கள் வண்டியின் கதவில் தெரியும். ஸ்டூல் உங்கள் கண்ணையும் கையையும் அந்த இடத்துக்கு நேராகக் கொண்டு போகிறது. நேராகப் பார்த்தால்தான் அழுக்கே தெரியும். மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் பெயிண்டில் தரையின் பிரதிபலிப்புதான் தெரியும், கீறல் தெரியாது.

அதனால் மாதம் ஒருமுறை குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்துத் துடைக்கிறவருக்கு இது தேவையில்லை. நம் நண்பர் மாதிரி வாராவாரம் கழுவி, மெஷின் வைத்துப் பாலிஷும் போடுகிறவருக்குத் தேவை. ஆனால் வாங்கலாம் என்று முடிவு செய்த உடனே போனை எடுத்து ஸ்டூலைத் தேடாதீர்கள். முதலில் வாசலுக்குப் போய் உங்கள் வீட்டுத் தரையைப் பாருங்கள். ஸ்டூல் வாங்கி ஏமாந்தவர்கள் என்று எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் தரையில்தான் ஏமாந்திருக்கிறார்கள்.

இந்த ஸ்டூல்களின் விளம்பரப் படங்களைப் பாருங்கள். எபாக்ஸி பூசிய, கண்ணாடி மாதிரியான, சமதளமான கராஜ் தரை. நம் வீட்டில் என்ன இருக்கிறது? கால் வழுக்கக் கூடாது என்று கட்டம் கட்டமாகக் கோடு இழுத்த சிமெண்ட் தரை. இல்லை, புடைப்பு புடைப்பாக இருக்கும் பார்க்கிங் டைல்ஸ். இல்லை, பேவர் பிளாக், இரண்டு கல்லுக்கு நடுவில் மணல் போய்ப் பள்ளம் விழுந்தது. இதெல்லாம் போக, தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்று கொத்தனார் கேட் பக்கமாக ஒரு வாட்டம் கொடுத்திருப்பார். நின்றால் அந்த வாட்டம் தெரியாது. சக்கரத்தின் மேல் உட்கார்ந்தால் உடனே தெரியும்.

ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் போர்டிகோவின் நடுவில் வையுங்கள். புது வண்டிக்கு டயரின் அடியில் வைப்போமே, அதே பழம்தான், இந்த முறை நசுக்க வேண்டாம். விட்டதும் தானாக உருண்டு கேட் பக்கம் போகிறதா? அப்படியென்றால் பிரேக் இல்லாத சக்கர ஸ்டூல் உங்கள் வீட்டுக்கு ஆகாது. உருளாமல் நின்றால் விரலால் லேசாகத் தட்டுங்கள். கோட்டிலும் இடுக்கிலும் மாட்டி நிற்கிறதா, தாண்டிப் போகிறதா என்று பாருங்கள். பழம் சரியான உருண்டையாக இருக்காது, துல்லியமான சோதனை இல்லைதான். ஆனாலும் எதை வாங்கக் கூடாது என்பது அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

அடுத்து சக்கரம். விலை குறைந்த ஸ்டூல்களில் 2 அங்குலச் சக்கரம் வரும். அது வழவழப்பான தரையில் ஓடும், நம் தரையில் ஒரு சிறு கல் வந்தால் நின்றுவிடும். கணக்காகவே சொல்கிறேன். 5 மில்லிமீட்டர் மேடு ஒன்றை ஏறித் தாண்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், ஒரு கடலைப் பருப்பு உயரம். 2 அங்குலச் சக்கரம் அதைத் தாண்ட, அந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை இருக்கிறதோ அதில் முக்கால் பங்கு விசையோடு பக்கவாட்டில் தள்ள வேண்டும். 3 அங்குலம் என்றால் பாதியைவிடச் சற்றுக் கூட. 4 அங்குலம் என்றால் பாதிக்கும் சற்றுக் குறைவு. உட்கார்ந்தபடி காலால் உந்தி நகர்கிற நமக்கு இது பெரிய வித்தியாசம். 2 அங்குலச் சக்கரம் திடீரென்று நிற்கும், உடம்பு மட்டும் முன்னால் போகும், முன்னால் இருப்பது வண்டி.

அப்படியானால் எல்லோரும் 4 அங்குலமே வாங்கிவிடலாமே என்றால், அங்கே ஒரு சிக்கல். சக்கரம் பெரிதானால் ஸ்டூலின் உயரமும் கூடும். நமக்கு உயரம் கூடக் கூடாது. ஏன் என்று பாருங்கள். ஸ்விஃப்டில் வரும் ஒரு டயர் அளவு 185/65 ஆர்15. 185 மில்லிமீட்டர் அகலம், அதில் 65 சதவீதம் பக்கச்சுவர், அதாவது 120 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக 240. நடுவில் 15 அங்குல ரிம், 381 மில்லிமீட்டர். மொத்தம் சுமார் 620. அதில் பாதி 310. ஆக, உங்கள் அலாய் வீலின் மையம் தரையிலிருந்து ஒரே ஒரு அடி உயரத்தில் இருக்கிறது. சாப்பாட்டு மேசை நாற்காலி ஏறக்குறைய ஒன்றரை அடி உயரம். அந்த உயரத்தில் உட்கார்ந்து ஒரு அடி உயரத்தில் இருப்பதைத் தேய்த்தால் முட்டி வலி போய் முதுகு வலி வரும்.

இதில் பலர் மாட்டும் இடம், கிளினிக்கிலும் சலூனிலும் இருக்கும் வட்ட ஸ்டூல். லீவரைத் தூக்கிப் பிடித்து, எடையை எடுத்தால் இருக்கை ஏறும், உட்கார்ந்து அமுக்கினால் இறங்கும். ஹைட்ராலிக் ஸ்டூல் என்று கடையில் சொல்வார்கள், உள்ளே இருப்பது அழுத்தி அடைத்த நைட்ரஜன். நல்ல பொருள்தான். ஆனால் அது எவ்வளவு உயரம் ஏறும் என்பதைத்தான் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். நமக்கு வேண்டியது எவ்வளவு கீழே இறங்கும் என்பது. அதில் பல மாடல்கள் 17, 18 அங்குலத்துக்குக் கீழே வராது. வாங்கும் முன் குறைந்தபட்ச உயரத்தைக் கேளுங்கள். நம் ஊர் சிறிய வண்டிகளுக்கு 14 அங்குலம் அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும். பெரிய எஸ்யூவி வைத்திருப்பவர்களுக்கு 18 அங்குல ரிம்மில் 255/60 டயர் வரும்போது சக்கர மையம் ஒன்றேகால் அடிக்கு ஏறிவிடும், அவர்கள் 15, 16 அங்குல ஸ்டூலில் சமாளிக்கலாம்.

இந்த உயரச் சிக்கலுக்குத்தான் சில ஸ்டூல்களில் சக்கரத்தை இருக்கைக்கு அடியில் வைக்காமல், நாலு மூலையிலும் கை நீட்டிய மாதிரி வெளியே தள்ளி வைத்திருப்பார்கள். இருக்கை நடுவில் தாழ்ந்து தொங்கும், சக்கரம் பெரிதாக இருக்கும். கரடுமுரடான தரைக்கு அந்த வகைதான் சரி. பார்க்க அழகாக இருக்காது, இடத்தையும் அடைக்கும்.

உயரம் எவ்வளவு சரி என்று காசு செலவழிக்காமல் பார்க்க ஒரு வழி. வீட்டில் 20 லிட்டர் பெயிண்ட் வாளி காலியாகக் கிடக்கும். அதைக் கவிழ்த்துப் போட்டு, முன் சக்கரத்துக்கு எதிரில் உட்காருங்கள். டிங்கரிங் பட்டறையில் பெயிண்டர்கள் காலம் காலமாக அதில்தான் உட்காருகிறார்கள், அவர்களுக்கு யாரும் ஸ்டூல் பற்றி வீடியோ போடவில்லை. பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு ரிம்மின் அடிவரை போய் வாருங்கள். வசதியாக இருந்தால் வாளியை டேப் வைத்து அளந்து, அந்த உயரத்துக்கு வாங்குங்கள். உயரமாகத் தெரிந்தால் அதைவிடக் குறைவாக. உண்மையைச் சொன்னால், பாதிப் பேருக்கு அந்த வாளியே போதும். உருளாது என்பதுதான் அதன் குறை, சரிவான போர்டிகோவில் அதுவே அதன் நிறை.

சக்கரம் எதனால் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கெட்டி நைலான் சக்கரம் சிமெண்டில் கடகடவென்று சத்தம் போடும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மேல்மாடிக்காரர் எட்டிப் பார்ப்பார். கறுப்பு ரப்பர் சத்தம் போடாது, ஆனால் வெளிர் நிற டைல்ஸில் கோடு விழும். பியூ சக்கரம் என்று ஹார்டுவேர் கடையில் கேட்டால் கொடுப்பார்கள், பாலியூரித்தேன். சத்தமும் குறைவு, கோடும் விழாது. நம் வேலைக்கு அதுதான்.

எடை தாங்குமா என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நாலு சக்கரம் இருந்தாலும், மேடு பள்ளத் தரையில் ஒரு சக்கரம் எப்போதும் சும்மா தொங்கும், எடையை மூன்று சக்கரம்தான் தாங்கும். நீங்கள் 85 கிலோ, ஸ்டூலும் சாமானும் 15 கிலோ என்றால் 100. அதை மூன்றால் வகுத்தால் ஒரு சக்கரத்துக்கு 33 கிலோ சொச்சம். 50 கிலோ தாங்கும் சக்கரமாக இருந்தால் கவலையில்லை. அப்புறம், வட்ட ஸ்டூலில் ஐந்து கால் வைப்பது அழகுக்கு இல்லை. நடுவிலிருந்து சக்கரம் வரை உள்ள தூரத்தை 100 என்று வைத்தால், நாலு கால் ஸ்டூலில் பக்கவாட்டில் 71 தாண்டிச் சாய்ந்தாலே கவிழும். ஐந்து காலில் அது 81. கீழே வைத்த பாட்டிலை எட்டி எடுக்கும்போது அந்தப் பத்து உங்களைக் காப்பாற்றும்.

இப்போது கீறல் விஷயம். நான் முதன்முதலில் வாங்கியது, அடியில் இரும்புத் தட்டு வைத்த ஸ்டூல். தட்டில் பாட்டில், பிரஷ், டேப் எல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டு வாங்கினேன். என் போர்டிகோ கேட் பக்கமாக வாட்டம். வண்டியின் இடது பின் கதவுக்கு எதிரில் உட்கார்ந்து பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். காம்பவுண்ட், அதாவது பாலிஷ் பசை, தீர்ந்துவிட்டது. எழுந்து போய் உள்ளேயிருந்து இன்னொரு பாட்டில் எடுத்துக்கொண்டு வருகிறேன், ஸ்டூல் மெதுவாக, யாரோ தள்ளுகிற மாதிரி, நகர்ந்துகொண்டிருக்கிறது. ஓடிப் பிடிப்பதற்குள் திரும்பி, தட்டின் மூலை பின் கதவின் அடியில் போய் இடித்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, 'டொக்' என்று ஒரு தடவை. ஒரு அரிசி அளவுதான். ஆனால் பெயிண்ட் போய்ப் பிரைமர் தெரிகிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பளபளப்பாக்கிய கதவு, அந்தப் பளபளப்பில் அந்தப் புள்ளி எவ்வளவு நன்றாகத் தெரிந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலமே ஏசி மெக்கானிக் கடைக்குப் போய், செம்புக் குழாய்க்கு மேல் மாட்டுவார்களே, கறுப்பு ஃபோம் குழாய், அதில் ஒரு நீளம் வாங்கி வந்தேன். நீளவாக்கில் பிளந்து, தட்டின் விளிம்பு முழுக்க மாட்டி, இங்கே பாருங்கள், கேமராவைக் கொஞ்சம் கீழே கொண்டு வருகிறேன், இப்படி கேபிள் டை போட்டுக் கட்டிவிட்டேன். இருக்கையின் விளிம்பைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப். நாலு வருடமாக அதுதான். ஃபோம் கிழிந்தால் மாற்றிக்கொள்கிறேன். நீங்கள் எந்த ஸ்டூல் வாங்கினாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், வண்டியின் பக்கம் கொண்டு போகும் முன் இதைச் செய்யுங்கள். அப்புறம் எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் பிரேக்கைக் காலால் அமுக்கிவிட்டு எழுந்திருங்கள். பிரேக் இல்லாத ஸ்டூல் என்றால் படுக்கப் போட்டுவிட்டுப் போங்கள்.

ஸ்டூல் மட்டும் கீறும் என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்தால் உங்கள் முட்டிதான் வண்டிக்கு மிக அருகில் இருக்கும். ஜீன்ஸின் பித்தளைக் குமிழ், பாக்கெட்டில் இருக்கும் சாவி, கையில் வாட்ச், மோதிரம், எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். அதற்காக லுங்கி கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். லுங்கியின் ஓரம் சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை என் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார், அதை நான் விவரிக்க மாட்டேன். அரைக்கால் டிரவுசர் போதும்.

பாலிஷ் மெஷின் பிடிக்கும்போது ஒரு விஷயம் புதிதாக உட்காருகிறவர்களை ஆச்சரியப்படுத்தும். நீங்கள் மெஷினை வண்டியின் மேல் அழுத்துகிறீர்கள். வண்டி அசையாது. நீங்கள் சக்கரத்தில் இருக்கிறீர்கள். அப்போது யார் நகர்வார்கள்? மெஷினை ஆன் செய்து அழுத்தியதும் நீங்கள் பின்னால் போவீர்கள். உடனே கையை நீட்டுவீர்கள், பேட் சாய்ந்துவிடும், ஒரு ஓரம் மட்டும் தேயும். அதனால் மெஷின் ஓடும்போது ஸ்டூல் உருளக் கூடாது. இரண்டு காலையும் அகட்டி, குதிகால் தரையில் ஊன்றி, முடிந்தால் பிரேக்கும் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு அடிக்கு இரண்டு அடி இடம், அதற்குள் கை எட்டும் அளவு. ஒரு நொடிக்கு ஒரு அங்குலம் என்ற வேகத்தில் குறுக்கும் நெடுக்குமாக முடித்துவிட்டு, மெஷினை நிறுத்தி, துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் நகருங்கள். சக்கரம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போவதற்கு மட்டும்தான். உருண்டுகொண்டே பாலிஷ் போடுவது வீடியோவில் அழகாகத் தெரியும், நானே இரண்டு முறை அப்படி எடுத்திருக்கிறேன், அது கேமராவுக்காகச் செய்தது.

இன்னொன்று, தள்ளி உட்கார்ந்து எட்டாதீர்கள். பாட்டிமார் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டும்போது எப்படி உட்காருவார்கள்? கல்லை ஒட்டி, கையின் எடை நேராகக் குழவியில் இறங்குகிற மாதிரி. இதுவும் அதே. சக்கரம் கழுவும்போது டயர் உங்கள் இரண்டு முட்டிக்கும் நடுவில் வர வேண்டும். கதவுக்கு உட்காரும்போது முட்டி இடிக்கும் என்பதால் உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி உட்காருங்கள். இரண்டரை கிலோ மெஷினைக் கையை நீட்டிப் பிடித்தால் பத்து நிமிடத்தில் தோள்பட்டை இறங்கிவிடும்.

கழுவும்போது எப்போது உட்காருவது என்பதையும் சொல்கிறேன். நான் சக்கரத்தில்தான் தொடங்குவேன், உட்கார்ந்து. பிரேக் தூள் தெறித்தால் இன்னும் கழுவாத பாடியில்தான் தெறிக்கும். வண்டி ஓட்டி வந்த சூட்டில் ஆரம்பிக்காதீர்கள், ரிம்மைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சூடு தணிந்த பிறகு. சக்கரம் நாலும் முடிந்ததும் ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டு, நின்றபடி கூரையிலிருந்து கீழே வாருங்கள். கதவின் பாதிக்குக் கீழே வந்ததும் வேறு மிட் (கையில் மாட்டித் தேய்க்கும் உறை), வேறு துணி எடுத்துக்கொண்டு மறுபடி உட்காருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. ஒரு ரிம்மின் கம்பிக்கு நடுவில் பிரஷை விட்டு ரசித்துத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள், அந்தப் பக்கம் ஷாம்பு காய்ந்துகொண்டிருக்கும். நம் ஊர் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். வெயிலில் தானாகக் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக வட்டம் விழும், அதை எடுக்கத் தனி வேலை. குந்தியிருந்த காலத்தில் முட்டியே கடிகாரம் மாதிரி எழுப்பிவிட்டது, ஸ்டூலில் அது கிடையாது. ஒரு சக்கரத்தை முடித்து, அலசித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த சக்கரம்.

அயர்ன் ரிமூவர் அடிக்கிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். ரிம்மில் அடித்ததும் இரும்புத் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக ஒழுகுமே, அது. பலவற்றில் தயோகிளைகோலேட் என்ற கந்தகச் சேர்மம் இருக்கிறது, அழுகிய முட்டை நாற்றம் அதனால்தான். நின்று அடித்தால் நாற்றம் கீழே இருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்தால் உங்கள் மூக்கு ரிம்முக்கு இரண்டடி தூரத்தில் இருக்கும், தெறிப்பது நேராகக் கண்ணுக்கு வரும். எழுந்து நின்று அடித்துவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் கழித்து, காய்வதற்குள் வந்து உட்கார்ந்து தேயுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடித்தட்டில் என்ன வைக்கலாம்? பாட்டில், பிரஷ், டேப், பேட் மாற்றும் சாவி. மைக்ரோஃபைபர் துணியையும் மிட்டையும் வைக்கவே கூடாது. அந்தத் தட்டு கணுக்கால் உயரத்தில் இருக்கிறது, சக்கரம் தரையில் இருக்கும் மணலைக் கிளப்பி அங்கேதான் போடும். மணல் ஒட்டிய துணியால் பாடியைத் துடைத்தால் நாமே உப்புத்தாள் தேய்த்த மாதிரி. துணி தோளில், இல்லையென்றால் மூடி போட்ட வாளியில்.

கரண்ட் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. ஈரத் தரை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதன் ஒயர் மேல் 90 கிலோவோடு ஏறி இறங்கும் சக்கரம். நாளடைவில் ஒயரின் மேல் தோல் நசுங்கி வெடித்துவிடும். கழுவும் வேலை முடிந்து தரை காய்ந்த பிறகு மெஷினை எடுங்கள். ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச், இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் உடனே விழுகிறதா என்று இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். விழவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் வந்து போகும் வரை பாலிஷ் வேண்டாம்.

நானே செய்துகொள்ளலாமா என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். செய்யலாம். 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. அடியில் நாலு மூலையிலும் 3 அங்குல பியூ சக்கரம், அதில் குறைந்தது இரண்டு பிரேக் உள்ளதாக. மேலே குளியலறையில் போடும் குட்டைப் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போல்ட் போட்டு முடுக்குங்கள். சக்கரம் மூலையை ஒட்டி இருக்க வேண்டும், உள்ளே தள்ளி வைத்தால் கவிழும். பழைய ஆபீஸ் நாற்காலியின் அடிப்பாகத்தை எடுத்துப் பயன்படுத்தலாமா என்றால், அதன் உயரம் கீழே வராது, விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் ஸ்டூலைத் தலைகீழாகப் போட்டுச் சக்கரத்தில் சுற்றிய முடியையும் நூலையும் எடுத்து, காயவிட்டு, சுழலும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய். ஷாம்புத் தண்ணீரில் ஊறி அந்தப் பேரிங் துருப்பிடித்தால் ஸ்டூல் ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பிக்கும்.

திருப்பூர் நண்பரின் முட்டிக்கு வருகிறேன். நான் மருத்துவர் இல்லை. மறுநாள் படி ஏற முடியவில்லை என்பது தொடர்ந்தால் அதைக் காட்ட வேண்டிய இடம் வேறு. ஸ்டூல் அளவில் சொல்வதென்றால், ஒரு அடி உயரத்தில் உட்காருவது சுலபம், அங்கிருந்து எழுவதுதான் கஷ்டம். எழும்போது ஸ்டூல் பின்னால் ஓடும், கை தானாகக் கதவுக் கைப்பிடியையோ பக்கக் கண்ணாடியையோ தேடும். பிரேக்கை அமுக்கி, இரண்டு காலையும் ஸ்டூலுக்கு அருகில் இழுத்து, தொடையில் கை ஊன்றி எழுந்திருங்கள். அதுவே சிரமம் என்றால் ஏறி இறங்கும் ஸ்டூல் வாங்குங்கள். லீவரைப் பிடித்துக்கொண்டு எடையைக் காலுக்கு மாற்றினால் இருக்கை உங்களோடு மேலே வரும், உயரத்திலிருந்து எழுவது சுலபம். அப்போதும் 14 அங்குலம் வரை இறங்குகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

உங்கள் போர்டிகோவின் தரை எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. புடைப்பு வைத்த பார்க்கிங் டைல்ஸ் என்றால் சக்கரம் வெளியே தள்ளிய, 4 அங்குல வகை. சமமான சிமெண்ட் என்றால் 3 அங்குல பியூ போதும். எலுமிச்சம்பழம் கேட் வரை உருண்டு போய்விட்டால், பெயிண்ட் வாளிதான் சார்.